புரட்டாசி முடிஞ்சிருச்சு. கறியும் வண்டியும் இல்லாம இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

திருநகர்_குமரன் | அக்டோபர் 18, 2025, காலை 7:10

வணக்கம் மக்களே. இன்னிக்கு ஐப்பசி ஒண்ணு. பால் வாங்கப் போனா கறிக்கடை வாசல்ல இருபது பேர் நிக்கிறாங்க. ஒரு மாசம் அடக்கி வச்ச ஆசை. நாளை மறுநாள் தீபாவளி வேற, இட்லியும் கறிக்குழம்பும் இல்லாம மதுரையில தீபாவளி விடியாது. நானும் அந்த வரிசையில நிக்க வேண்டிய ஆள்தான். நிக்கல. ஏன்னு சொல்றேன்.

வீட்டுக்காரம்மா வருஷா வருஷம் புரட்டாசி பிடிப்பாங்க. நான் வீட்டுல நல்ல பிள்ளையா இருந்துட்டு வெளியில முடிச்சுக்குவேன். இந்த வருஷம் எட்டாவது படிக்கிற மக, "ஏம்ப்பா, வீட்டுக்குள்ள ஒண்ணு வெளிய ஒண்ணா?"ன்னு கேட்டுட்டா. ரோஷம் வந்து முழு மாசமும் ஏத்துக்கிட்டேன். அதே வாரம் பைக் இன்ஜின் மடக்குன்னு நின்னுபோச்சு. மெக்கானிக் "பார்ட்ஸ் வரணும்ணே, பத்து நாள்"னாரு. பத்து முப்பதாச்சு. ஆக, ஒரே மாசத்துல கறியும் போச்சு, வண்டியும் போச்சு. திருநகர்ல ஏறி, பெரியார் பஸ் ஸ்டாண்ட்ல இறங்கி, இன்னொரு பஸ் பிடிச்சு அண்ணாநகர் ஆபீஸ்.

கார் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. மாசம் ரெண்டு தடவை எடுத்தேன். மூணாவது தடவை செல்ஃப் எடுக்கல, பேட்டரி இறங்கிருச்சு. வேப்பமரத்தடியில காக்கா எச்சத்தோட நின்ன அதைப் பாத்தப்போதான் மண்டையில உறைச்சுது. மாசம் 9,800 தவணை கட்டுறது ஒரு காக்கா மேடைக்கா?

கணக்கு: ஞாயித்துக்கிழமை அரைக்கிலோ ஆட்டுக்கறி, புதன்கிழமை கோழி, ரெண்டு அட்டை முட்டை, ஒரு நாள் மீன். மாசம் 3,400 ரூபாய்க்குக் குறையாது. புரட்டாசியில அதுக்குப் பதிலா வாங்கின மொச்சை, தட்டப்பயறு, காளான், மீல்மேக்கர், கூடுதல் காய் எல்லாம் சேத்து 1,200. பெட்ரோலுக்குப் போறது 1,350, பஸ்ஸுக்குப் போனது 1,000. அதுல பெரிய லாபமில்லை, உண்மையைச் சொல்லிடறேன். நேரமும் போகையில வரையில அரைமணி கூட. ஆனா பெரியார்ல இருந்து ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்கி நடந்துக்கிட்டு இருந்தேன், ராத்திரி படுத்ததும் தூக்கம் வந்துச்சு.

நான் வள்ளலார் வழிக்குப் போகல, காரை விக்கவும் போகல. இந்த ஊருக்கு இதெல்லாம் புதுசில்லையேன்னு தோணுது. வருஷத்துல ஒரு மாசம் பாதி ஊர் கறியை விடுது. சித்திரையில அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு ஊரே வண்டியை விடுது. அப்ப விட முடியுறது மத்த நாள்ல கொஞ்சமாவது ஏன் முடியாது? வாரம் அஞ்சு நாள் காய்கறி, அஞ்சு நாள் பஸ்னு தொடரலாம்னு இருக்கேன். செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க. திட்டுறவங்களும் வரலாம்.

---

பரோட்டா_பாண்டி | காலை 7:32

அண்ணே, தீபாவளிக்கு ரெண்டு நாள் இருக்கையில இந்த இழை தேவையா? ஊருக்கே எலும்பு ரோஸ்ட் போட்டுப் பேரு வாங்கின மண்ணு இது. வடக்கம்பட்டியில முனியாண்டி சாமிக்கே பிரியாணிதான் பிரசாதம். சாமியே சாப்பிடுது, நீங்க என்ன சலம்புறீங்க?

எடை எவ்வளவு குறைஞ்சுதுன்னு மட்டும் சொல்லுங்க.

---

திருநகர்_குமரன் | காலை 7:40

ஒன்றரைக் கிலோ கூடிருச்சு.

---

பரோட்டா_பாண்டி | காலை 7:41

விசில் அடிச்சுக்கிறேன்.

---

ஊட்டச்சத்து_உமா | காலை 9:05

கூடாம என்ன செய்யும்? புரட்டாசியில பாதி வீட்டுல நடக்கிறது இதுதான். கறியை எடுத்துட்டு அந்த இடத்துல பருப்பை வைக்கிறதில்லை, சோத்தை வைக்கிறாங்க. ரெண்டு கரண்டி சாம்பார், மலை மாதிரி வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு வறுவல், சாயங்காலம் பஜ்ஜி. அது கறியில்லாச் சாப்பாடே தவிர சத்தான சாப்பாடு இல்லை. என்கிட்ட வர்ற சர்க்கரை நோயாளிகள்ல பிறவியிலேயே கவுச்சி தொடாதவங்களும் நிறைய.

65 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 54 கிராம் புரதம் வேணும். கிலோவுக்கு 0.83 கிராம்ங்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோட அளவு. ஒரு முட்டையில 6 கிராம்தான். 100 கிராம் துவரம்பருப்புல 22, நிலக்கடலையில 24 பக்கம், மொச்சையில 20க்கு மேல. அப்ப ஆள் ஒருத்தருக்கு நாளைக்கு நூறு கிராமாவது பயறு, பருப்பு, கடலை எல்லாம் சேந்து உள்ள போகணும். சோறு, இட்லியில இருந்து மிச்சம் வந்துரும். சோத்துல கொழம்பு ஊத்தாம, கொழம்புல சோறு போடுங்கன்னு சொல்லுவேன். கால்சியத்துக்குப் பால்தான்னு இல்லை. கேழ்வரகுல 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல இருக்கு, பால்ல 120 பக்கம்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் செடிகொடியில கிடைக்காது: பி12. பால், தயிர், முட்டைகூட வேண்டாம்னு முழுசா விடுறவங்க மாத்திரை போட்டே ஆகணும். கை கால் மரத்துப்போன பிறகு ஓடி வராதீங்க. வளர்ற பிள்ளைங்க தட்டுல இருந்து முட்டையைப் பிடுங்கவும் செய்யாதீங்க. காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல நம்ம மதுரையிலதான் தொடங்குச்சு. உப்புமா, கிச்சடி, பொங்கல், காய்கறி சாம்பார்னு முழுக்கக் காய்கறிதான். அதே பிள்ளைக்கு மதியம் சத்துணவுல முட்டையும் கிடைக்குது. அந்தச் சேர்க்கையை யாரும் கெடுத்துராதீங்க.

---

செல்லூர்_மீனா | பகல் 1:20

சாப்பாட்டு நேரத்துல எழுதுறேன். விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில வேலை. தீபாவளிக் கூட்டத்துல நிக்க இடமில்லை.

குமரன் அண்ணே, பஸ்ல போனதை என்னமோ பாதயாத்திரை போன மாதிரி எழுதியிருக்கீங்க. நாங்க பதினெட்டு வருஷமா அதுலதான் போறோம். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்குக் காசு இல்லை. முன்னாடி நாளுக்கு இருபது ரூபாய் போகும். அந்த மிச்சத்துல மாசச் சீட்டு ஒண்ணு போட்டிருக்கேன். முந்தி ஞாயித்துக்கிழமை அம்மா வீட்டுக்குப் போறதுன்னா யோசிப்பேன், இப்ப நெனச்சா போயிட்டு வரேன்.

ஆனா கஷ்டத்தையும் கேளுங்க. நாலு பொம்பளைங்க மட்டும் நிக்கிறோம்னா சில பஸ் நிக்காம கொஞ்சம் தள்ளிப் போய் நிக்கும். ஓடணும். கடை அடைச்சு ராத்திரி பத்தரைக்கு வெளிய வந்தா பஸ் வருமா வராதான்னு தெரியாது, ஷேர் ஆட்டோவுல ஆம்பளைங்க நடுவுல இடிச்சுக்கிட்டு உக்காரணும். எங்க கடையில வேலை பாக்குற பிள்ளைங்க நாலு பேர் இந்த வருஷம் தவணையில ஸ்கூட்டி எடுத்தது ஆடம்பரத்துக்கு இல்லை, ராத்திரி பத்தரைக்காகத்தான். "வண்டியை விடுங்க"ன்னு சொல்றவங்க முதல்ல ராத்திரி பஸ்ஸை விடச் சொல்லுங்க.

---

நடைராஜா | பகல் 2:45

மீனாக்கா சொன்னதுதான் இந்த இழையோட மையம். என் பங்குக்கு.

மதுரையில கார் அடிமைத்தனம்னு தனியா இல்லை. இருக்கிறது பைக் அடிமைத்தனம், அதுக்கு மேல கார் ஆசை. செப்டம்பர் 22-ல இருந்து சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சதும் ஷோரூம் வாசல்ல மாலையும் எலுமிச்சம்பழமுமா ஒரே திருவிழா. அந்தக் கார் எந்தத் தெருவுல நிக்கப் போகுதுன்னு வித்தவனும் கேக்கல, வாங்கினவனும் கேக்கல.

நம்ம ஊர் வரைபடத்தைப் பாருங்க. கோயிலைச் சுத்தி ஆடி வீதி, அதைச் சுத்திச் சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி. தேரும் சாமியும் மனுஷனும் நடந்து சுத்துறதுக்குன்னே போட்ட ஊர். 1840-கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடிச்சு அகழியைத் தூர்த்ததுக்கு அப்புறம்தான் வெளிவீதிகள். விளக்குத்தூண் அவர் பேர்லதான் நிக்குது. அந்தத் தேரோட்டத் தெருவுல ரெண்டு பக்கமும் காரை நிறுத்திட்டு நடுவுல கிடைக்கிற பன்னிரண்டடியில பஸ், ஆட்டோ, தள்ளுவண்டி, மாடு, நீங்க, நான்.

சித்திரை வீதியில வண்டி விடுறதில்லை. அங்க இருக்கிற கடை எதாவது மூடிப் போச்சா? சாயங்காலம் போய்ப் பாருங்க, கிழவி வளையல் விக்கிறா, பிள்ளைங்க ஓடி விளையாடுது. வண்டி இல்லாத தெரு எப்படி இருக்கும்னு வெளிநாட்டுப் படம் பாக்க வேண்டாம், மேலமாசி வீதியில இருந்து அஞ்சு நிமிஷம் நடந்தா போதும்.

நத்தம் ரோட்டுப் பாலம் 7.3 கிலோமீட்டர், 2023 ஏப்ரல்ல திறந்தாங்க. நானும் ஆசையா ஏறிப் பாத்தேன். மேல மிச்சம் பிடிச்ச நிமிஷத்தை இறங்கின சிக்னல்ல வட்டியோட கட்டுறோம். பாலம் போட்டா வண்டி குறையாது, வண்டிக்குத் தைரியம்தான் வரும்.

இது வெறும் நெரிசல் பிரச்சினையும் இல்லை. 2022-ல மட்டும் தமிழ்நாட்டுச் சாலையில 17,884 பேர் செத்தாங்க. நாடு முழுக்க 1,68,491. அதுல நூத்துக்கு 44 பேருக்கு மேல இருசக்கர வண்டியில போனவங்க, கிட்டத்தட்ட 20 பேர் சும்மா நடந்து போனவங்க. நடந்து போறது குத்தமா?

---

ஐயர்பங்களா_ரவி | மாலை 4:10

நல்லா எழுதுறீங்க சார். எங்கப்பாவுக்கு வாரம் மூணு தடவை டயாலிசிஸ். முடிச்சு வெளிய வர்றப்போ அவரால ரெண்டு படி ஏற முடியாது. அவரை எந்த பஸ்ல ஏத்துறது? காரை வித்துட்டு நீங்க வந்து தூக்குறீங்களா?

---

நடைராஜா | மாலை 4:25

மன்னிச்சுக்கங்க சார். உங்க காருக்கு எதிரா நான் ஒரு வார்த்தை எழுதல, எழுதவும் மாட்டேன். உங்கப்பா கார் சிக்னல்ல இருபது நிமிஷம் நிக்கக் கூடாதுன்னா அவருக்கு முன்னாடி நிக்கிற, பால் பாக்கெட் வாங்க வந்த கார் அங்க இருக்கக் கூடாது. நான் கேக்கிறது அவ்வளவுதான்.

---

ஐயர்பங்களா_ரவி | மாலை 4:31

அது சரி. நேத்து கோரிப்பாளையத்துல நாப்பது நிமிஷம். கோபத்துல எழுதிட்டேன்.

---

தெற்குமாசி_தாத்தா | மாலை 6:00

எனக்கு வயது 76. டைப் அடிக்கப் பேத்தி உதவுகிறாள், ஆகவே தமிழ் கொஞ்சம் சுத்தமாக இருக்கும்.

இந்த ஊருக்கு பஸ்ஸைக் கற்றுக்கொடுக்க வேண்டாம். டி.வி.எஸ். 1911-ல் மதுரையில் முளைத்ததே பஸ் தொழிலாகத்தான். அந்தக் காலத்து டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள் என்று என் அப்பா சொல்வார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது கரி வாயுவில் பஸ் ஓட்டினார்கள், அதற்கான கருவியையும் அவர்களே செய்து விற்றார்கள். பிறகு 1972-ல் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமனார் கொடுத்தது சைக்கிள். அதிலேயே மனைவியை முன்னால் உட்காரவைத்துத் திருப்பரங்குன்றம் போயிருக்கிறேன். மூச்சு வாங்கியதாக அவள் இன்றும் சொல்கிறாள், எனக்கு நினைவில்லை.

சைக்கிளை விட்டது சோம்பலால் அல்ல. 1990-களில் ஒருநாள் மேலவெளி வீதியில் பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்ததில் கீழே விழுந்தேன். மறுநாள் மகன் மொபெட் வாங்கிவந்தான். பயத்தில் வாங்கியதுதான் முதல் வண்டி. பெரும்பாலான வீடுகளில் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. போடி ரயிலை மறக்கிறீர்கள். அகலப் பாதைக்காக 2010 கடைசியில் நிறுத்தியதை, 2022 மே மாதம் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் மீண்டும் விட்டார்கள். பன்னிரண்டு வருடம் ஒரு ரயில் இல்லாவிட்டால் ஒரு தலைமுறையே பைக் வாங்கிவிடும். அந்தத் தலைமுறையைத் திரும்ப ரயிலேற்றுவது தண்டவாளம் போடுவதைவிடக் கடினம்.

---

வாடகைவீடு | இரவு 8:15

பஸ் பத்தி எல்லாரும் பேசியாச்சு. நான் சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன், கசப்பா இருந்தா பொறுத்துக்கங்க.

போன வருஷம் வீடு தேடினப்போ மூணு இடத்துல கேட்ட முதல் கேள்வி, "நீங்க சைவம்தானே?" வாடகை, அட்வான்ஸ், ஆள் எத்தனை எல்லாம் அப்புறம். அது சாப்பாட்டைப் பத்தின கேள்வி இல்லைன்னு கேட்டவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இந்த ஊர்ல "சைவம்"ங்கிற சொல்லுக்குப் பின்னாடி ஒரு பட்டியல் ஒளிஞ்சிருக்கு. அதனால யாராவது காய்கறி சாப்பிடுங்கன்னு ஆரம்பிச்சாலே எனக்கு வயித்துல புளியைக் கரைக்கும்.

அப்புறம் "நம் முன்னோர் எல்லாரும் சைவம்"னு ஒரு கதை வரும். கீழடி மதுரைக்குப் பக்கத்துலதான் இருக்கு. தோண்டினதுல மாடு, எருமை, ஆடு, காட்டுப்பன்றி, மயில் எலும்பெல்லாம் வந்திருக்கு. அதே மதுரையைச் சுத்தித்தான் கீழக்குயில்குடி சமணர் மலை, கொல்லாமை சொன்னவங்க படுத்த கல்படுக்கையும் இருக்கு. ரெண்டும் நம்ம ஊர்தான். ஒண்ணை மட்டும் எடுத்துக்கிட்டு மத்தவனை வீட்டுக்கு வெளிய நிறுத்தாதீங்க.

எங்க அப்பத்தா காலத்துல வாரம் முழுக்கக் கம்பங்கூழ்தான். அது கொள்கை இல்லை, இல்லாமை. கெடா வெட்டுற அன்னிக்குத்தான் அவங்களும் நாலு பேரோட சமமா உக்காந்து நல்ல சாப்பாடு சாப்பிட்டாங்க. கையில காசு வந்து ஞாயித்துக்கிழமை கறி எடுக்கிற நிலைமைக்கு வந்ததும், "அதை விடு, பூமிக்கு ஆகாது"ன்னு சொன்னா எப்படி இருக்கும்?

---

திருநகர்_குமரன் | இரவு 9:30

ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத்தான் எழுதுறேன். நான் "சைவம்"னு ஒரு இடத்துலயும் எழுதலங்கிறது எனக்கே இப்பத்தான் தெரியுது. காய்கறிச் சாப்பாடுன்னுதான் எழுதியிருக்கேன். பாலையும் விட்டவங்க "நனிசைவம்"னு ஒரு சொல் வச்சிருக்காங்க, அதுலயும் அந்தச் சொல் உள்ள உக்காந்திருக்கு. "பயறுச் சாப்பாடு"ன்னு சொன்னா போதும்னு தோணுது.

அப்பத்தா விஷயத்துக்கு என்கிட்ட பதில் இல்லை. எங்க அம்மாச்சியும் அப்படித்தான் வாழ்ந்தாங்க. குறைக்கச் சொல்லணும்னா வாரம் நாலு நாள் எடுக்கிற என்னை மாதிரி ஆளைத்தான் முதல்ல சொல்லணும். மாசத்துல ஒரு நாள் எடுக்கிற வீட்டைப் பாத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை.

---

உசிலை_கிடைக்காரன் | அக்டோபர் 19, காலை 5:50

நாங்க மூணு தலைமுறையா செம்மறி மேய்க்கிறோம். அறுவடை முடிஞ்ச வயல்ல ராத்திரி ஆட்டை அடைச்சுக் கிடை போடுவோம். ராத்திரிக்கு இவ்வளவுன்னு பேசிக் காசோ நெல்லோ வாங்குவோம். எங்க ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த வயல்ல ரெண்டு வருஷத்துக்கு உர மூட்டை தேவையில்லைன்னு சம்சாரிகளே சொல்வாங்க. ஆடு திங்கிறது அறுத்த தாள், வரப்புப் புல்லு, கருவேல நெத்து. மனுஷன் திங்கிற எதையும் அது திங்கல. மானாவாரிக் காட்டுல மழை ஏமாத்தினா கடலையும் வராது பயறும் வராது, ஆடுதான் கஞ்சி ஊத்தும். பட்டணத்துல உக்காந்துக்கிட்டு எல்லாக் கறியையும் ஒரே தராசுல வைக்காதீங்க.

---

நடைராஜா | காலை 8:40

அண்ணே, நீங்க சொன்னதுல முக்கால்வாசியை அப்படியே ஒத்துக்கிறேன். ஆனா ஊருக்குள்ள இப்ப திங்கிற கறி உங்க கிடையில இருந்து வரலையே. இந்தியாவுல உற்பத்தியாகுற இறைச்சியில ஏறத்தாழ பாதி கோழி. நாப்பது நாள் கொட்டகையில வளர்ற பிராய்லர். ஒரு கிலோ எடை ஏற ஒன்றரைக் கிலோவுக்கு மேல தீவனம், அது மக்காச்சோளமும் சோயாவும். திண்டுக்கல், விருதுநகர்ப் பக்கம் கம்பும் துவரையும் விளைஞ்ச கரிசல்ல இப்ப நிக்கிற மக்காச்சோளம் யாருக்கு? நாமக்கல், பல்லடத்துக் கோழிக்கு.

2018-ல 119 நாடுகள்ல 38,700 பண்ணைகளோட கணக்கை எடுத்து சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. உலகத்தோட பசுமைக்குடில் வாயுவுல 26 சதவீதம் உணவுல இருந்து வருதாம். விலங்கு உணவை முழுசா விட்டா விவசாய நிலம் 76 சதவீதம் மிச்சமாகும்னு கணக்கு. அதுல என்னை யோசிக்க வச்சது வேற. சாப்பாட்டைத் தூக்கிக்கிட்டு வர்ற போக்குவரத்தோட பங்கு ரொம்பச் சின்னது. எங்க விளைஞ்சதுங்கிறதைவிட என்ன சாப்பிடுறோம்ங்கிறதுதான் பெரிசு.

---

உசிலை_கிடைக்காரன் | காலை 9:15

அதே கணக்குல ஆடு, மாடு ஏப்பம் விடுற மீத்தேன் கோழியைவிட எங்க ஆட்டைத்தானே குத்தவாளியா காட்டும்? படிச்ச மருமகன் சொன்னான்.

---

நடைராஜா | காலை 9:22

காட்டும். கிலோவுக்குக் கிலோ பாத்தா கோழி குறைவு, ஆடு அதிகம். நிலத்தையும் தீவனத்தையும் பாத்தா கதை வேற மாதிரி. இதுல எனக்கே தெளிவா ஒரு முடிவு வரல. புழுக்கை உரத்தையும் சேத்துக் கணக்குப் போட்டவங்க இருந்தா எழுதுங்க.

---

ஊட்டச்சத்து_உமா | காலை 9:50

மீத்தேன்னா நெல்லையும் சொல்லணும். தண்ணி நின்னுக்கிட்டே இருக்கிற வயல்ல இருந்து அது வருது. அதனால கறிக்குப் பதிலா சோறுங்கிறது எல்லா வகையிலயும் தப்பான மாத்து. மேலூர், வாடிப்பட்டியில முல்லைப் பெரியாறு தண்ணியில நெல் போடுறவங்க "காய்ச்சலும் பாய்ச்சலும்" முறையில தண்ணி கட்டினா வாயுவும் குறையும், தண்ணியும் மிச்சம். பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மழையிலயே விளையுற குதிரைவாலி இருக்கு. வாரம் ரெண்டு நாள் அதைப் பொங்குங்க. முதல் தடவை கஞ்சியா போயிரும், தண்ணியைக் குறைச்சு வைங்க. ஒண்ணுக்கு ரெண்டரை போதும்.

---

மட்டுறுத்துநர் | காலை 10:05

கட்சி அரசியல் பேசிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆட்டுக்கறி விலை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது.

---

செல்லூர்_மீனா | இரவு 11:40

இப்பத்தான் வீட்டுக்கு வந்தேன். குமரன் அண்ணே, மொச்சை வாங்கினேன்னு சொன்னீங்க, எப்படி வச்சீங்க? கறி மாதிரி நாக்குல நிக்கலைன்னா எங்க வீட்டு ஆம்பளைங்க திரும்பிப் பாக்க மாட்டாங்க. நான் வைக்கிறதைச் சொல்றேன்.

காஞ்ச மொச்சையை முந்தின ராத்திரியே ஊறப்போடணும். காலையில தோலுக்குள்ள விரலை வச்சு அமுக்குனா பயறு வழுக்கிட்டு வெளிய வரும். தோலை எடுத்துட்டா குழம்பு கெட்டியா வரும், நேரம் இல்லைன்னா விட்டுருங்க. நல்லெண்ணெயில சோம்பு, பட்டை, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம் ஒரு கை, தட்டின பூண்டு. வெங்காயம் ஓரம் சிவந்ததும் தக்காளி. அப்புறம் நாலாப் பிளந்த கத்திரிக்காய், மொச்சை, மல்லியும் மிளகாயும் அரைச்ச பொடி. கடைசியில தேங்காய், கசகசா, கொஞ்சம் சோம்பு அரைச்சு ஊத்தி, எண்ணெய் மேல மிதக்குற வரைக்கும் அடுப்பைக் குறைச்சு விட்டுருங்க. ஆட்டுக்குழம்புக்குப் போடுற அதே மசாலாதான், எலும்பு மட்டும்தான் இல்லை. காலையில வச்சதை ராத்திரி தோசைக்கு ஊத்திச் சாப்பிட்டுப் பாருங்க.

காய் வாங்க அண்ணாநகர் உழவர் சந்தைக்குப் போங்க, உங்க ஆபீஸ் பக்கம்தானே. தமிழ்நாட்டுலயே முதல் உழவர் சந்தை அதுதான், 1999 நவம்பர்ல ஆரம்பிச்சது. அங்க பச்சை மொச்சை மூட்டையோட வந்து இறங்குற ஆத்தாக்கள் எல்லாம் டவுன் பஸ்லதான் வருவாங்க. பஸ்ஸும் பயறும் எப்பவும் ஒண்ணாத்தான் வருது.

---

பரோட்டா_பாண்டி | இரவு 11:52

பசிக்குது. ஆனா மீனாக்கா, எங்க பிரச்சினை வீட்டுல இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு வெளிய நின்னா என்ன சாப்பிடுறது? தூங்கா நகரம்னு பேரு, இட்லிக்கடையை விட்டா பருத்திப்பால், ரெண்டும் போதுமா? பரோட்டாக் கடையில போய் "வெஜ் சால்னா இருக்கா"ன்னு ஒரு தடவை கேட்டேன். மாஸ்டர் கல்லுல கொத்துறதை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பாத்தாரு. "எம்டி சால்னா இருக்கு தம்பி, பீஸ் இருக்காது"ன்னாரு. கோழி எலும்புல காய்ச்சினதுல பீஸைத் தள்ளி ஊத்தினா அது வெஜ்ஜாம்!

---

திருநகர்_குமரன் | நவம்பர் 23, மாலை 5:30

இழையைத் தூசி தட்டுறேன். தீபாவளிக்கு என்ன பண்ணேன்னு கேட்டு மூணு பேர் தனிமடல் போட்டிருந்தீங்க. சாப்பிட்டேன். இட்லி, கறிக்குழம்பு, நாலு கரண்டி. அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை மட்டும்தான் வீட்டுல கறி. கோழி வாங்குறதை நிறுத்தியாச்சு, ஆட்டுக்கறி மாசம் ரெண்டு தடவை. கிடைக்காரண்ணே உங்களை நெனச்சுக்கிட்டேதான் வாங்குறேன். உமா மேடம் சொன்ன மாதிரி பயறை அளந்து போட ஆரம்பிச்சதும் எடை ஒரு கிலோ இறங்கிருச்சு.

பைக் வந்துருச்சு. வந்த வாரம் அஞ்சு நாளும் எடுத்தேன், பழக்கம் அப்படி. அப்புறம் ரெண்டு மழை, ஆபீஸ் போற வழியில முழங்கால் தண்ணி, மறுபடி பஸ். இப்ப வாரம் மூணு நாள் பஸ்ல ஓடுது. மகதான் கணக்கு வச்சிருக்கா, காலண்டர்ல பஸ் நாளுக்குப் பச்சை, பைக் நாளுக்குச் சிவப்பு. காரை என்ன செய்றதுன்னு வீட்டுல பேச்சு நடக்குது, இன்னும் முடிவாகல.

இதுக்கிடையில திருமங்கலத்துல இருந்து ஒத்தக்கடை வரைக்கும் 32 கிலோமீட்டர் வரும்னு காத்திருந்த மெட்ரோ திட்ட அறிக்கையைத் திருப்பி அனுப்பிட்டாங்க. 2011 கணக்குப்படி மக்கள்தொகை 20 லட்சம் இல்லையாம். பதினாலு வருஷத்துக்கு முந்தின தலையை எண்ணி இன்னிக்கு ரயில் இல்லைங்கிறாங்க.

---

நடைராஜா | மாலை 6:05

கோபப்படுங்க, தப்பில்லை. ஆனா அது வந்திருந்தாலும் ஓட எத்தனை வருஷம் ஆகியிருக்கும்? 11,368 கோடி அதோட மதிப்பு. அதுல ஒரு துளியை வச்சு பஸ்ஸுக்குத் தனித்தடம் ஒண்ணு, ராத்திரி பன்னெண்டு வரைக்கும் அரைமணிக்கு ஒரு பஸ், நிறுத்தத்துல நிழல், நடைபாதையில நடக்க இடம், இதெல்லாம் அடுத்த சித்திரைக்குள்ளயே செய்யலாம். மீனாக்காவோட பத்தரை மணிக்கு மெட்ரோ தேவையில்லை, ஒரு பஸ் போதும்.

---

செல்லூர்_மீனா | இரவு 10:55

ஷேர் ஆட்டோவுல இருந்துதான் படிக்கிறேன்.

---

பரோட்டா_பாண்டி | இரவு 11:20

ஒரு செய்தி. கார்த்திகை பொறந்ததும் எங்கப்பா மாலை போட்டுட்டாரு, வீட்டுல அடுப்பே மாறிருச்சு. சரி, ராத்திரி வெளியில பாப்போம்னு அதே பரோட்டாக் கடைக்குப் போனேன். வாசல்ல சின்னக் கரும்பலகை: "வெஜ் சால்னா கிடைக்கும்". தனிச் சட்டி, தனிக் கரண்டி. பட்டாணி, காளான், தேங்காய் தூக்கலா. பொய் சொல்லல, மூணு பரோட்டாவுக்கு மூணு தடவை ஊத்த வச்சேன்.

மாஸ்டர்கிட்ட "இது வருஷம் பூரா உண்டா?"ன்னு கேட்டேன். மாலை போட்ட வீட்டு ஆளுங்க கேக்குறதால போடுறாராம், தை பொறந்தா நிறுத்திருவாராம். "அப்புறம் யாரு தம்பி கேப்பா?"ன்னாரு.

"நான் கேப்பேன்"னு சொல்லிட்டேன். ஒரு ஆளுக்காகச் சட்டி வைக்க முடியாதாம், நாளைக்கு இருபது ஆள் வேணும்ங்கிறாரு. திருநகர் பக்கம் போற வழிதான், குமரண்ணே. எந்த ஸ்டாப்புல இறங்கணும்னு தனிமடல்ல சொல்றேன்.